அழல்

இடது முழங்கால் பூரி மாதிரி உப்பிய அன்று
புக்கிட் பாத்தோக் பேருந்து நிலைய ஓய்வறையில்
ஹோக் செங் பையைத் துழாவி
ஓர் அட்டையை நீட்டினார்.
"ரெண்டு போடு, வலி பறந்துடும் லா."
மஞ்சள் மாத்திரைகள்.
அவருடைய இடுப்பு இருபது வருடமாக
அதில்தான் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
மறுப்பது மரியாதையில்லை.

என் தடத்தில் இருபத்தேழு நிறுத்தங்கள்,
ஐந்து கழிப்பறைகள்.
நிறுத்தங்கள் பயணிகளுக்கு.
காப்பிக்கடைக்குப் பின்னால் ஒன்று, இருபது காசு, தாள் தனி.
பெட்ரோல் நிலையத்தில் ஒன்று, சாவி கேட்க வேண்டும்,
சாவியோடு ஒரு பெரிய மரக்கரண்டி கட்டியிருக்கும்,
கேவலம் எல்லாருக்கும் தெரியட்டும் என்பதுபோல.

போன ஜூனில்
பதினான்காவது நிறுத்தத்தில்
அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.
முப்பத்தொரு பேர் பேருந்தில்.
திரும்பி வந்து கதவை மூடியபோது
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
பள்ளிச் சீருடையில் ஒருவன் இறங்கும்போது
"தேங்க் யூ ஆன்ட்டி" என்றான்.
தினமும் சொல்வதுதான்.
அன்று மட்டும்
அடுத்த நிறுத்தம்வரை கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை.

பெருங்குடல் அழற்சி
என்று மருத்துவச் சான்றிதழில் இருந்தது.
அழல் என்றால் நெருப்பு.
உயர்நிலை இரண்டில் அந்தச் சொற்பொருளுக்கு
இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.

பலதுறை மருந்தகத்தில் என் எண் நானூற்றுப் பன்னிரண்டு.
மருந்து கொடுக்கும் முகப்பில் நூருல் ஹிதாயா,
வழக்கமான பெட்டியை நகர்த்தியபடி,
"வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்,
கை அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டது.

அவள் அதைத் திருப்பினாள்.
அப்புறம் என் பெட்டியைத் திருப்பினாள்.
இரண்டின் முதுகிலும்
பொடி எழுத்தில் ஒரே வரி:
அழற்சியைக் குறைக்கும்.

"பெயர் ஒன்று, குணம் வேறு.
உங்களுடையது குடலுக்குள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கும்.
இது முட்டியில் அணைத்துவிட்டு
குடலில் பற்றவைக்கலாம்."

கொள்ளிக்கட்டையால் தலை சொறிவது
என்று எங்கள் மொழியில் சொல்வோம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை,
எழுதிக்கொண்டாள்.

போன ஜூனில்?
ஜூன் தொடக்கத்தில் கடைவாய்ப்பல் பிடுங்கினேன்.
ஒரு வாரம் வலி மாத்திரை,
இதே குடும்பம், வேறு நிறம்.
பல் மருத்துவர் குடலைப் பற்றிக் கேட்கவில்லை,
நானும் பல்லுக்கும் குடலுக்கும் என்ன பேச்சு என்று
வாயை மூடியிருந்தேன்,
அதுவும் பஞ்சை வைத்து.

"அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது," என்றாள்.
"சிலருக்கு ஒன்றும் ஆகாது.
நீங்கள் அந்தச் சிலரா என்று
பேருந்து ஓட்டிக்கொண்டு பரிசோதிக்க வேண்டாம்."

வலிக்குப் பாரசிட்டமால், அளவோடு.
சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும்,
சேர்த்து எண்ணுங்கள்.
குடல் மாத்திரையை உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள்.
நன்றாக இருக்கிற நாளிலும் நிறுத்தாதீர்கள்.
சிறுநீரக ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த மாதம்.
முழங்காலைக் குடல் மருத்துவரிடம் காட்டுங்கள்,
அது குடலின் கோபமாகவும் இருக்கலாம்.

முழங்காலில் குடலின் கோபம்.
வீட்டில் யாரோடோ சண்டை,
பேருந்தில் யாரிடமோ எரிந்து விழுவது.
புரிந்தது.

மறுநாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
"பயமா?" என்று ஹோக் செங் சிரித்தார்.
ஆமாம் என்றேன்.
கோப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.
பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு,
"ரெண்டு மாசமா எனக்கும் மேல்வயிறு எரியுது."

கண்ணாடி வீட்டில் இருந்தது அவருக்கு.
அட்டையின் பின்பக்கத்தை
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து
ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இரண்டு நாற்பதுக்கு என் பேருந்து.
மணி இரண்டு முப்பத்தாறு,
இன்னும் பாதி வரிகள் இருந்தன.